ஒரு ‘இருக்கலாம்’ பற்றி

கரையாம்புத்தூர் பக்கம் வந்திராதவர்களுக்கு முதலில் கொஞ்சம் பூகோளம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் பங்கு போட்ட லட்சணம் அப்படி. பஸ்ஸில் போகிறவனுக்கு எல்லை மாறியது சாராயக்கடைப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். வயலுக்கும் வரப்புக்கும் அதுகூடத் தெரியாது. எல்லை என்பதைப் பற்றி இந்த ஊர்க்காரனுக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் இருக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையும் ஒரு எல்லையைப் பற்றியதுதான்.

ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருப் பையன் ஒருவன் சரித்திரத்தில் எம்.ஃபில். செய்து கொண்டிருந்தான். குத்தகை நிலம் உழும் குடும்பம். வீட்டில் முதல் பட்டதாரி அவன். நம் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. என்பது பெரும்பாலும் பரீட்சைப் பட்டம். மனப்பாடமும் கையெழுத்தும் போதும். ஒரு விஷயத்தைத் தானாகத் தேடி, தானாக எழுதி, முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நின்று அதற்குப் பதில் சொல்லும் நிர்ப்பந்தம் எம்.ஃபில்.லில்தான் முதல் முறையாக வந்தது. வந்தது என்று இறந்த காலத்தில் சொல்லக் காரணம், 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டத்தையே எடுத்துவிட்டது என்பதுதான்.

பையன் எடுத்துக்கொண்ட விஷயம் பாகூர்ச் செப்பேடு. நம் வாசகர்களில் கவிதைக்காரர்கள் அதிகம் என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாக: 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ அரசனின் 8ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது. ஐந்து ஏடுகள். சமஸ்கிருதம் ஒரு பகுதி, தமிழ் ஒரு பகுதி. வாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச் சாலைக்கு, மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்ட சாசனம் அது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அந்த ஊர்கள். வாகூர் என்பது இன்றைய பாகூர். ஏடுகள் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில். எபிகிராஃபியா இண்டிகாவின் 18ஆம் தொகுதியில் ஹுல்ட்ஷ் அதைப் பதிப்பித்தார்.

இரண்டாவது ஊரின் பெயரை மறுபடி ஒரு முறை வாசியுங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கடுவனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆக, ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்விச் சாலையின் செலவுக்கு நெல் அளந்தது இந்த மண்தானா? பையனைப் பிடித்து ஆட்டிய கேள்வி இதுதான். இது அவன் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. படித்தவர்கள் கூடினால் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான். ஆனால் அவனுக்கு அது பெருமை மட்டும் இல்லை. அந்தச் சாலையில் படித்தவர்கள் யார் என்பது அவனுக்குத் தெரியும். வேதமும் வேதாங்கமும் படித்த வர்க்கம் அது. நெல் விளைவித்தவன் அங்கே உள்ளே போயிருக்க மாட்டான். “அண்ணே, சோறு போட்டது நாம, படிச்சது அவங்க. இப்ப அதைப் பத்தி ஆய்வேடு எழுதறது நான்” என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை. கணக்கை நேர் செய்துவிட்ட திருப்திதான் இருந்தது.

ஆய்வேட்டை இங்கிலீஷில் எழுதும்படி அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று கேட்க அவனுக்கு வயதில்லை, எனக்கு அக்கறை இல்லை. நான் பி.ஏ. இங்கிலீஷ் இலக்கியம். பாங்கில் குமாஸ்தா. தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று பெயர். எழுதியதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். திருத்திக் கொடுத்தேன். என்ன திருத்தினேன் என்பதைச் சொல்வதற்கு முன் வேறு மூன்று பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதலாமவர் ஜூவோ துப்ராய். 1885இல் பிறந்தவர். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர். தென்னிந்தியத் தொல்லியல் பற்றி அவர் எழுதி 1914இல் பாரிஸில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு. அரசர்களின் பெயர்களை அவர் நம்பித் தொடங்கவில்லை. கோயில் தூணின் மேலே உத்தரத்தைத் தாங்குகிற போதிகையைப் பார்த்தார். பல்லவர் போதிகை வளைந்து அலையலையாக வரி ஓடியிருக்கும். சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முனை நீட்டிக்கொள்ளும். விஜயநகர காலத்தில் பூமொட்டாகத் தொங்கும். பூச்சியின் சிறகைப் பார்த்து இனம் பிரிக்கிறவனைப் போல் போதிகையையும் கூட்டையும் பார்த்துக் கோயிலின் காலத்தைச் சொன்னார். அவர் சொன்னது சரியா என்று பார்க்க அவருடைய பட்டமோ, பிரெஞ்சோ வேண்டாம். கோயிலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் போதும். ஒரு வாதத்துக்கு இதைவிட நாணயம் வேறு என்ன வேண்டும்? எவன் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று வைத்துவிட்டுப் போவதுதான் அது.

இரண்டாமவர் சி. மீனாட்சி. 1905இல் பிறந்தவர். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகம் 1857இல் ஏற்பட்டது. அங்கே டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். பல்லவர் காலத்து ஆட்சி முறையும் சமூக வாழ்வும் என்பது விஷயம். நீலகண்ட சாஸ்திரியின் மாணவி. 1938இல் பல்கலைக்கழகமே அதைப் புத்தகமாகப் போட்டது. அதற்கு முன் பல்லவர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் யாருக்குப் பின் யார் ஆண்டார்கள் என்ற வம்சாவளித் தகராறில் இருந்தார்கள். மீனாட்சி ஏரியையும் வரியையும் கிராம சபையையும் கடிகையையும் இசையையும் கேட்டார். எங்கள் பாகூர் வித்யாஸ்தானம் அந்தப் புத்தகத்தில் கல்வி பற்றிய பகுதியில் வருகிறது. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச் சுவரில் உள்ள சிற்ப வரிசையை அவர் பல்லவர் சரித்திரமாக வாசித்தது தனிக் கதை. நந்திவர்மன் சிறு பையனாக இருக்கையில் அரசுக்கு அழைத்து வரப்பட்டதைச் சிற்பம் ஒரு பக்கம் காட்டுகிறது, கூடவே வெட்டிய எழுத்து ஒரு பக்கம் சொல்கிறது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்தார். அந்த நூல் 1941இல் வெளிவந்தபோது அவர் இல்லை. 1940இல், 34 வயதில் இறந்து போனார்.

34 வயது. இதைப் படிக்கிற நம்மில் பலருக்கு அந்த வயது ஆகிவிட்டது, அல்லது தாண்டிவிட்டது.

மூன்றாமவர் பாகூர்க்காரர், புலவர் எஸ். குப்புசாமி. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் திரட்டியவர். அவர் திரட்டியதை ஜி. விஜயவேணுகோபால் பதிப்பித்து, பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக் கிழக்கு பிரெஞ்சுப் பள்ளியும் 2006இலிருந்து தொகுதிகளாக வெளியிட்டன. பாகூர் மூலநாதர் கோயில் சுவரைத் தினம் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் ஆயிரம் பேர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று வாசிக்கிறவன் ஒருவன். புலவர் பட்டம் படித்தவர் தமிழ்ச் செய்யுளோடு நின்றுகொள்ள வேண்டும் என்று அவர் நினைக்காததால் நமக்கு ஒரு நூல் கிடைத்தது.

இந்த மூன்று பேரையும் ஒன்றாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருவர் அந்நியர், ஆசிரியர். ஒருவர் பெண், அந்த வாசலுக்குள் முதலில் நுழைந்தவர். ஒருவர் உள்ளூர்ப் புலவர். மூவருக்கும் பொது, போய்ப் பார்த்தார்கள் என்பது. பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக வைத்தார்கள் என்பது. பாங்கில் நாங்கள் தினமும் செய்வதுதான் இது. செக்கில் உள்ள கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு ‘ஏறக்குறைய’ ஒத்துப்போகிறது என்று பணம் கொடுக்க முடியாது. நாள் முடிவில் ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அதை யார் கணக்கிலாவது போட்டு மறைக்க முடியாது. சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. தெரியாததைத் தெரியாதது என்று எழுதி அதில் வைப்போம். தெரிகிற நாளில் உரிய இடத்துக்கு மாற்றுவோம். அந்தக் கணக்கில் தொகை கிடப்பது அவமானம் இல்லை. அதை மறைப்பதுதான் வேலையைத் தின்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்த நான் அந்தப் பையனின் ஆய்வேட்டில் செய்த காரியம் இது.

விளாங்காட்டங்கடுவனூர் என்பது இன்றைய கடுவனூராக இருக்கலாம் என்று அவன் எழுதியிருந்தான். இங்கிலீஷில் அந்த ‘இருக்கலாம்’ மிகவும் தத்தித் தடுமாறி வந்திருந்தது. ஒரே பக்கத்தில் நான்கு இடத்தில். வாசிக்க நொண்டியது. நடை என்று ஒன்றை இருபது வருஷமாகப் படித்துப் படித்துக் கெட்டுப்போன புத்தி எனக்கு. நான்கையும் அடித்து ‘ஆகும்’ என்று ஆக்கினேன். வாக்கியம் நிமிர்ந்து நின்றது. சந்தோஷமாக இருந்தது.

அதோடு விடவில்லை. பின்னால் ஒரு பக்கம் இருந்தது. செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் ஊர்களின் எல்லைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பல்லவச் செப்பேடுகளில் இது வழக்கம். ஊரார் கூடி எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, இன்னதற்கு மேற்கு இன்னதற்கு வடக்கு என்று எழுதித் தருவார்கள். பையன் அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சுற்றியிருக்கிறான். கிழவர்களைக் கேட்டிருக்கிறான். சொர்ணாவூர் அணையிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பங்காரு வாய்க்கால் கரையிலும் நடந்திருக்கிறான். பல பெயர்களுக்கு ஆள் இல்லை. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, யாரைக் கேட்டான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தான். நான் அதைப் படித்துவிட்டு, “கிடைக்காததை எதுக்குடா தம்பி எழுதறே? உன் பலவீனத்தை நீயே காட்டிக் கொடுக்கறியா?” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அச்சில் வரவில்லை.

வாய்மொழித் தேர்வு அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நம் ஊரில் இந்தத் தேர்வு எப்படி நடக்கும் என்பது தெரிந்ததுதான். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். மிக்சர், டீ, சால்வை. ‘இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்’ என்று ஒரு கேள்வி. எல்லோரும் கை தட்டுவார்கள். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் வந்திருந்த மனிதர் ஆய்வேட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். இது யாரும் எதிர்பாராதது.

ஒரு பக்கத்தைப் பிரித்து, “கடுவனூர் ஆகும்னு போட்டிருக்கீங்க. எப்படி ஆகும்?” என்றார்.

பெயர் ஒத்திருக்கிறது என்றான்.

“தமிழ்நாட்டுல ஒரே பேர்ல எத்தனை ஊர் இருக்கு தெரியுமா தம்பி? புத்தூர் எத்தனை, நல்லூர் எத்தனை? பேர் ஒத்துப்போறது சாட்சி, தீர்ப்பு இல்ல. செப்பேட்டுல எல்லை சொல்லியிருக்கே, அதை நடந்து பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“என்ன கிடைச்சுது?”

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவன் திரும்பி என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். திரும்பவில்லை. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு, “அதை வச்சு ‘இருக்கலாம்’னுதான் சார் எழுதியிருக்கணும். ‘ஆகும்’னு எழுதினது என் தப்பு” என்றான்.

பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு, “இப்ப சொன்னீங்களே, அதுதான் ஆய்வு. அது ஏன் இதுல இல்ல?” என்று ஏட்டைத் தட்டினார். அந்தப் பகுதியைத் திருத்தி, நடந்து பார்த்த விவரத்தைச் சேர்த்துக் கொடுக்கும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டம் கிடைத்தது. வெளியே வந்ததும் பையன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நான் செய்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அது மரியாதையா மன்னிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதை ஒரு விமர்சனப் பத்திரிகையில் எழுத என்ன அவசியம் என்று கேட்கலாம்.

ஆய்வேட்டைக் கேலி செய்வது நம் வட்டத்தில் ஒரு மோஸ்தர். பேராசிரியர்கள் என்றால் நமக்கு இளப்பம். அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே நடக்கும் வெட்டி ஒட்டும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த வடிவத்துக்குள் ஒரு கடுமையான தர்மம் இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. நீ சொல்வதை நீ நின்று சொல்ல வேண்டும். உன்னோடு ஸ்நேகம் இல்லாத ஒருவன் எப்படித் தெரியும் என்று கேட்பான். பதில் இல்லாவிட்டால் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. தொல்காப்பியப் பாயிரம் என்ன சொல்கிறது? பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க, அவனுக்குப் பிழையறச் சொல்லித்தான் நூல் அரங்கேறியது என்கிறது. அரங்கேற்றம் என்பது அப்போது மாலை போடுகிற சடங்கு அல்ல. கேள்விக்கு உட்படுவது. அந்தச் சொல்லை நாம் சடங்காக்கிவிட்டோம். பல்கலைக்கழகம் வாய்மொழித் தேர்வைச் சடங்காக்கியது போலவே, நாம் புத்தக வெளியீட்டையும் விமர்சனக் கூட்டத்தையும் ஆக்கிவிட்டோம். மிக்சர், டீ, சால்வை.

நம் விமர்சன எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நானும் இந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறேன். இன்ன கவிஞன் இன்ன மரபிலிருந்து வருகிறான், இந்த நாவலோடு தமிழ் உரைநடை ஒரு கட்டத்தைத் தாண்டியது, அந்தத் தலைமுறைக்கு அந்தரங்கப் பிரக்ஞையே இல்லை. இந்த வாக்கியங்களில் எத்தனை ‘ஆகும்’, எத்தனை ‘இருக்கலாம்’? எந்த எல்லையை யார் நடந்து பார்த்தார்கள்? ‘இருக்கலாம்’ என்று எழுதினால் தைரியமில்லாதவன் என்று தோன்றிவிடுமோ என்ற பயம்தான் நமக்கு. அந்தப் பயத்தில் பொய் சொல்கிறோம். நல்ல நடையில் சொல்கிறோம். அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சும்மா ஒதுங்கிக்கொள்வதற்காகச் சொல்லும் ‘இருக்கலாம்’ உண்டு. எதையும் தீர்மானிக்காமல் நழுவுகிறவனின் ‘இருக்கலாம்’ அது. பையனுடையது அந்த ரகம் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சுற்றிச் சம்பாதித்தது. கடுவனூர் தன் ஊர்ப் பக்கம், செப்பேட்டு ஊர் அதுவாகவே இருக்க வேண்டும் என்று அவன் மனசு ஆசைப்பட்டது. நெல் அளந்தவன் பேரன் அதைப் பற்றி எழுதுகிறான் என்ற அந்தக் கணக்கு நேராவதற்கு அது தேவையாகவும் இருந்தது. அப்படி ஆசைப்பட்டும் கை ‘இருக்கலாம்’ என்று எழுதியது. ஆசைக்கும் அத்தாட்சிக்கும் நடுவில் ஒரு சொல்லை வைத்தான். சரித்திரம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது அந்த இடைவெளியைத்தான். அதைத்தான் நான் ‘நடை’ என்ற பெயரில் அடைத்துவிட்டேன்.

ஜூவோ துப்ராய்க்குப் பாரிஸ் இருந்தது. மீனாட்சிக்கு நீலகண்ட சாஸ்திரி இருந்தார். இவனுக்குக் கிடைத்தது நான். அது அவனுடைய துரதிர்ஷ்டம். ஆனால் அன்று எதிரே ஒருவர் ஏட்டைப் படித்துவிட்டு வந்து கேட்டார். அந்த ஒரு கேள்வி இல்லாமல் போயிருந்தால் என் ‘ஆகும்’ அச்சில் ஏறி, நூலக அலமாரியில் உட்கார்ந்து, நாளை வேறொருவன் எடுத்தாண்டு, ஊர் வாசலில் பலகையாகக்கூட ஆகியிருக்கும். இனி எம்.ஃபில். இல்லை. முதுகலைப் படிப்பில் ஒரு சின்ன ஏடு எழுதவைக்கிற இடங்கள் சில உண்டு. அங்கே படித்துவிட்டு வருகிறவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். இந்தத் தெருவிலிருந்து அடுத்து ஒரு பையனோ பெண்ணோ ஊர்ச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று வாசித்தால், அதைச் சொல்லிப் பதில் சொல்லும் சபை எங்கே இருக்கும்? ஒருவேளை இந்த மாதிரிச் சிறு பத்திரிகைதான் அந்த இடமாக இருக்க வேண்டும். நாம் கேட்கக் கற்றுக்கொண்டால்.

பையன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியர். திருத்திய ஏட்டின் பிரதி ஒன்றை எனக்குக் கொடுத்தான். முகப்பில் நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது, மொழியைச் செம்மை செய்து உதவியவர் என்று. நடந்து பார்த்த விவரம் எல்லாம் உள்ளே இருக்கிறது. கடுவனூர் வருகிற நான்கு இடத்திலும் ‘இருக்கலாம்’ திரும்பி வந்துவிட்டது. இங்கிலீஷ் அதேபோல நொண்டுகிறது. நான் தொடவில்லை.